அணில் எந்த ஊருக்குப் போனாள்

வெள்ளிக்கிழமை வகுப்பை அவர் கேட்டு வாங்கவில்லை. அது தானாக அவர் தலையில் வந்து விழுந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளில் படுசூட்டிகையானவர்களைத் தேர்வு வைத்துப் பொறுக்கி, வாரம் ஒரு மதியம் அவர்களுக்கென்று தனி வகுப்பு நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. யார் எடுக்கிறீர்கள் என்று பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, கேட்டதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் அவரவர் டிபன் பாக்ஸுக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்கள். இரண்டாம் வகுப்பு டீச்சர் மட்டும் சும்மா இருக்காமல் நிமிர்ந்து பார்த்துவிட்டார். மாட்டிக்கொண்டார்.

"எனக்கெதுக்கு மேடம் இதெல்லாம்? நானே காலேஜ்ல தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணவ."

"அதனாலதான் உங்களுக்குக் குடுக்கறேன். ரொம்பத் தெரிஞ்சவங்க போனா அதுங்களை வாயைத் திறக்க விடமாட்டாங்க" என்றார் பெரிய டீச்சர்.

மாடிப்படிக்கு அடியில், பழைய விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலிசெய்து கொடுத்தார்கள். கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றால் தலை இடிக்கும். ஒரே ஒரு ஜன்னல், அதன் வழியே தண்ணீர்த் தொட்டி தெரியும். நடுவில் ஒரு நீள மேஜை, சுற்றிலும் கால் ஆடுகிற முக்காலிகள். டீச்சரின் கணவர் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலையில் இருந்தார். வெட்டிப் போட்ட ஓரக் காகிதங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, "உன் மேதைகளுக்குத் தீனி" என்று வீட்டு வாசலில் போடுவார்.

முதல் வருஷம் டீச்சர் திண்டாடிப் போனார். ராப்பகலாகப் புத்தகங்களைப் புரட்டி எடுத்து வருகிற புதிர்களை அந்தப் பிள்ளைகள் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு, "அடுத்து என்ன டீச்சர்?" என்று கேட்டபடி உட்கார்ந்திருக்கும். மீதி நேரமெல்லாம் அவருக்கு வியர்த்துக் கொட்டும். பிறகு ஒரு வழி பிடிபட்டது. தனக்கே விடை தெரியாத கேள்வியாகக் கொண்டுபோக ஆரம்பித்தார். மேலே ஏறாமல் அந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று எப்படிச் சொல்வது? காது கேளாத ஒருவருக்கு இடியை எப்படி விளக்குவது? ஒரு வாரம், பத்தே பத்து வார்த்தைகள் கொண்ட புது பாஷை ஒன்றைச் செய்து, அந்த மதியம் முழுக்க அதிலேயே பேச வேண்டும் என்றார். பிள்ளைகள் 'வேண்டாம்' என்பதற்கு வார்த்தை வைக்க மறந்துவிட்டார்கள். யார் எதைக் கேட்டாலும் மறுக்க முடியாமல், மணி அடிப்பதற்குள் ஒரு பையன் தன் பென்சில், ரப்பர், செருப்பு எல்லாவற்றையும் இழந்து நின்றான்.

அறையில் சட்டம் ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் சொன்னவர் பதில் சொல்லியாக வேண்டும். டீச்சருக்கும் விலக்கு இல்லை. இந்தச் சட்டம் மெல்ல வீடுகளுக்குள்ளும் புகுந்து வம்பு பண்ணியது. "குளிக்கப் போடான்னா, நான் அழுக்கா இருக்கேன்னு எப்படித் தெரியும்ங்கிறான் டீச்சர்" என்று ஒரு தாய் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பையனுக்கு வகுப்பில் 'சந்தேகம்' என்று பெயர். எதற்கெடுத்தாலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்றுதான் எழுந்திருப்பான். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. அவரை 'வெள்ளி டீச்சர்' ஆக்கியதும் அவர்கள்தான்.

ஐந்தாம் வகுப்பில் உயரமாக, கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். வாதாடியே ஆளைச் சாய்த்துவிடுவாள். அவள் 'வக்கீல்'. நான்காம் வகுப்பிலிருந்து வந்த பொடிசு 'அணில்'. முன்பற்கள் இரண்டும் துருத்திக்கொண்டு, ஓரிடத்தில் உட்காரமாட்டாத பெண். அவள் அப்பா எலக்ட்ரீஷியன், அம்மா ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஊரின் மறுகோடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அணிலுக்கு எதிலும் விடை முதலில் வந்துவிடும், காரணம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வரும். வக்கீலுக்குக் காரணம் இல்லாமல் ஓரடி நகராது. இரண்டு பேருக்கும் வாரா வாரம் முட்டிக்கொள்ளும். முட்டிக்கொள்ளாத வாரம் இரண்டு பேருக்குமே சப்பென்று இருக்கும்.

அன்றைக்குப் பாலம் கட்டுகிற வேலை. காகிதமும் பசையும் மட்டும்தான். இரண்டு முக்காலிகளுக்கு நடுவே பாலம் நிற்க வேண்டும், மேலே தடித்த அகராதியை வைத்தால் தாங்க வேண்டும். வக்கீல் காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்து அடுக்கினாள். அணில் குழல் குழலாகச் சுருட்டிக் கட்டினாள். டீச்சர் பார்த்தவரை அணிலின் யோசனைதான் மேல். ஆனால் அவளுக்குப் பொறுமை போதவில்லை. பசை காய்வதற்குள் அகராதியைத் தூக்கி வைத்தாள். நடுவில் தொய்ந்து, முறிந்து, எல்லாம் தரையில் கிடந்தது.

"உன் மண்டைக்குள்ளயும் பசை காயல போல" என்றாள் வக்கீல்.

அறையே சிரித்தது. அணிலின் முகம் சுருங்கிப் போயிற்று. கண் சிவந்திருந்தது. அழுகையை அடக்குகிறாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். "லீவு முடியட்டும், பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, முறிந்த குழல்களைப் பொறுக்கிப் பையில் திணித்துக்கொண்டு போனாள் அணில்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. அந்த விடுமுறையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சில நாட்கள்தான், அணில் இறந்துபோனாள்.

டீச்சரும் பெரிய டீச்சரும் அந்த வீட்டுக்குப் போய் வந்தார்கள். பள்ளி திறப்பதற்கு முன் பெரிய டீச்சர் சில பெற்றோரை அழைத்துப் பேசினார். சின்னஞ்சிறுசுகள், சொன்னால் பயந்துவிடும், ராத்திரி தூங்காது என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள் என்று சொல்லிவிடலாம், கொஞ்ச நாளில் மறந்துவிடும் என்று முடிவாயிற்று. டீச்சருக்கு அது நெருடியது. ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை. சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்ததில் உள்ளுக்குள் ஆசுவாசம்கூட இருந்தது. அதைப் பிற்பாடு நினைத்து அவர் மிகவும் வெட்கப்பட்டார்.

நான்காம் வகுப்பில் சொன்னார்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டன. வெள்ளிக்கிழமை, மாடிப்படி அறையில் டீச்சர் சொன்னார். "அணில் வேற ஊருக்குப் போயிட்டா. இனிமே இங்க வரமாட்டா."

"எப்படித் தெரியும் டீச்சர்?" என்றான் சந்தேகம். வழக்கமான கேள்விதான், வழக்கமான குரல்தான்.

"அவங்க அப்பா சொன்னார்" என்றார் டீச்சர்.

மகளைப் பறிகொடுத்த மனிதரின் வாயில் ஒரு பொய்யைத் திணித்தாயிற்று. அன்று என்ன வேலை கொடுத்தார், பிள்ளைகள் என்ன செய்தன என்று கேட்டால் அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகள் வந்தன. நிழலை வைத்துக் கொடிக்கம்பத்தின் உயரம் கண்டுபிடித்தார்கள். தபாலில் அனுப்பினாலும் உடையாமல் இருக்க முட்டையை எப்படிப் பொட்டலம் கட்டுவது என்று யோசித்தார்கள். வக்கீல் வாதாடுவதை விட்டுவிட்டாள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினாள். பெரியவளாகிறாள், அடங்கிவிட்டாள் என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் சட்டைக் கையைக் கடித்துக் கடித்து நூல் பிரிந்து கிடந்ததையும் பார்த்தார். பார்த்தும் கேட்காமல் விட்டார்.

ஒரு புதன்கிழமை மதியம் அணிலின் அம்மா பள்ளிக்கு வந்தாள். டீச்சர் அவளை மாடிப்படி அறைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகளின் முக்காலி ஒன்றில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு டீச்சர். உயரமா, கண்ணாடி போட்டு. தனியா பஸ் ஏறி வந்திருக்கு. கண்டக்டர்கிட்ட கேட்டு வீட்டைக் கண்டுபிடிச்சிருக்கு."

டீச்சருக்கு யாரென்று புரிந்தது.

"அணிலைக் கூப்பிடுங்க ஆன்ட்டி, மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லுச்சு. அவ ஊருக்குப் போகலைன்னு எனக்குத் தெரியும், ஆபீஸ்ல விசாரிச்சேன், டிசி வாங்கவே இல்லையாம், டிசி இல்லாம வேற ஸ்கூல்ல சேக்கமாட்டாங்க, அதனால அவ வீட்டுலதான் இருக்கா, நான் அப்படிப் பேசினதாலதான் ஸ்கூலுக்கு வரமாட்டேங்கிறான்னு கோர்வையா சொல்லிக்கிட்டே போகுது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"தூங்குறான்னு சொல்லிட்டேன்." அம்மாவின் விரல்கள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடின, மறுபடி திறந்தன. "வாய் வரல டீச்சர். தூங்குறா, அப்புறமா வான்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். அது போகல. எழுந்திரிக்கிற வரைக்கும் இருக்கேன்னு வாசல்லயே உக்காந்துருச்சு. இவர் வேலையிலேந்து வந்துதான் பைக்ல கொண்டுபோய் அவங்க வீட்டுல விட்டார். வழியெல்லாம் அது பேசிக்கிட்டே வந்துச்சாம். இவரால ஒரு வார்த்தை பேச முடியலையாம்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே யாரோ படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். கூரை அதிர்ந்து அடங்கியது.

"எந்த ஊருன்னு சொன்னீங்க டீச்சர்?"

"என்னம்மா?"

"அவ எந்த ஊருக்குப் போயிருக்கான்னு பிள்ளைங்ககிட்ட சொன்னீங்க?"

"ஊர் பேர் சொல்லலைம்மா."

"சொல்லியிருந்தா நானும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் டீச்சரால் தாங்க முடியாமல் இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அம்மா கையமர்த்தினாள்.

"எங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்ல. வந்தாலும் அவளைப் பத்திப் பேசறதில்ல. பேசினா நான் அழுவேனாம். இங்க ஒரு ரூம் நிறையப் பிள்ளைங்களுக்கு அவளைத் தெரியும். அதுங்களும் பேச முடியாமப் பண்ணிட்டீங்களே."

டீச்சர் அங்கிருந்து நேரே பெரிய டீச்சரின் அறைக்குப் போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்த ஒரு பொண்ணுக்கு மட்டும் அவங்க வீட்டுல சொல்லிக்கட்டும். மத்த பிள்ளைங்களுக்கு எதுக்கு?"

"அதுங்க கேக்கும் மேடம். அந்தப் பொண்ணு சொல்லும். என்னைப் பாத்து எல்லாம் கேக்கும். நான் இன்னொரு தடவை பொய் சொல்லமாட்டேன்."

"பெத்தவங்க வந்து சண்டை போட்டா நான் உங்களுக்காகப் பேச முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி மேடம்."

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் சட்டையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னா எங்க அச்சாபீஸ்ல பசை காய்ச்ச ஆள் தேவைப்படுது" என்றார். டீச்சர் சிரிக்க நினைத்தார், அழுகைதான் வந்தது. கணவர் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அணிலின் அம்மாவும் வந்தாள். டீச்சர் விஷயத்தைச் சொல்லியனுப்பியபோது, நானும் வரட்டுமா என்று அவளே கேட்டிருந்தாள். மேஜையின் கோடியில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தன.

"நான் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்" என்று டீச்சர் ஆரம்பித்தார். "அணில் ஊருக்குப் போகல. லீவுல அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்துச்சு. அதுல செத்துப்போயிட்டா. உங்களுக்குச் சொல்லப் பயந்துக்கிட்டு மறைச்சேன். அவங்க அப்பா சொன்னார்னு சொன்னேனே, அதுவும் பொய். அவர் ஒண்ணும் சொல்லல."

மெதுவாகக் கேள்விகள் வந்தன. அந்தக் காய்ச்சல் எங்களுக்கும் வருமா? செத்தது டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரியுமா, சாகப்போறோம்னு? வலிச்சுதா? இப்ப எங்க இருக்கா? தெரிந்ததற்கு டீச்சர் பதில் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். எப்போதும் தெரியாது என்று சொன்னால் குதூகலிக்கிற பிள்ளைகள், அன்று அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மாவைப் பார்த்தன.

வலி பற்றிய கேள்விக்கு அம்மாதான் பதில் சொன்னாள். "முதல் ரெண்டு நாள் தலைவலி தாங்காம அழுதா. அப்புறம் மருந்து குடுத்தாங்க, தூங்கிக்கிட்டே இருந்தா. நடுவுல நர்ஸம்மா ஊசி போட வந்து, வலிக்காது பாப்பான்னாங்க. கண்ணைத் தொறந்து, 'உங்களுக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டா."

யாரோ பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துச் சின்னவர்கள் அழ ஆரம்பித்தார்கள்.

வக்கீல் அழவில்லை. விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். சரிந்த கூரையில் தலை இடித்தது, அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நான் பேசினதாலயா?"

"இல்லை" என்றார் டீச்சர். "கிருமியால வந்த காய்ச்சல். அன்னிக்கே அவ கண்ணு சிவந்திருந்துச்சு. நான் பாத்தேன். அழுகைன்னு நினைச்சுட்டேன்."

வக்கீல் டீச்சரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "அவளுக்கு என்மேல கோபம் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

இல்லவே இல்லை கண்ணு என்று சொல்லிவிடுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். தானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"கோபம் இருந்துச்சு" என்றாள் அம்மா. "நிறையவே இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் பையை வீசி எறிஞ்சா. உன்னைத் திட்டிக்கிட்டேதான் சாப்பிட்டா. உன்னைத் திட்டிக்கிட்டே புதுசா பேப்பர் சுருட்ட உக்காந்தா. காய்ச்சல் இல்லாம இருந்திருந்தா லீவு முடிஞ்ச வெள்ளிக்கிழமையே வந்து உன்கிட்ட சண்டை போட்டிருப்பா. கோபத்தால யாரும் சாகறதில்ல கண்ணு. அவளுக்குக் கோபம் வந்தாதான் வேலையே ஓடும்."

வக்கீல் மேஜையைச் சுற்றி நடந்துபோய் அவள் முன்னால் நின்றாள். அப்புறம்தான் அழுதாள். அம்மா அவளைப் பிடித்து இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மணி அடித்தது. யாரும் போகவில்லை. அடுத்த மணி அடிக்கும்வரை அணிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தேகம், அவள் தன்னை ஏமாற்றி வாங்கிய செருப்புக் கதையை இரண்டு தடவை சொன்னான்.

அதன் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்வதற்கில்லை. இரண்டு மூன்று பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். ஒரு பிள்ளை விளக்கை அணைத்தால் தூங்கமாட்டேன் என்கிறதாம். வக்கீலின் அப்பா மருந்துக்கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். அவர்தான் ஆசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார்.

"என் பொண்ணு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? முதல்ல ஒரு பொய், அப்புறம் போட்டு உடைக்கிறது. நீங்க எல்லாம் என்ன டீச்சர்?"

அதில் முதல் பாதி உண்மை என்று டீச்சருக்குத் தெரியும். வக்கீலை அவள் அப்பா அந்த வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார். பெரிய டீச்சர் சொன்னபடியே யாரிடமும் பரிந்து பேசவில்லை. ஆனால் வருஷக் கடைசிவரை டீச்சரை மாற்றவும் இல்லை. புதுப் பள்ளி வருஷம் தொடங்கியதும் வெள்ளிக்கிழமை வகுப்பு, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு புது சாரிடம் போயிற்று. மாடியில் நல்ல வெளிச்சமான அறை. பிள்ளைகளுக்கு சாரைப் பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது டீச்சருக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அவர் இரண்டாம் வகுப்போடு நின்றுகொண்டார். தான் செய்தது சரிதானா என்று நடுநடுவே யோசிப்பார். கத்திய அப்பாவின் முகம் ஞாபகம் வரும். அந்த யோசனை ஒரு முடிவுக்கு வந்ததே இல்லை.

வக்கீல் வேறு பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். அதற்கும் அடுத்த வருஷம், வெயில் கொளுத்துகிற ஒரு மதியம், இரண்டாம் வகுப்பின் மின்விசிறி நின்றுபோனது. சரிபார்க்க வந்தவர் அணிலின் அப்பா. டீச்சரைப் பார்த்ததும் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கும்பிட்டார். ஆள் இளைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வகுப்பு இப்ப உங்ககிட்ட இல்லையாமே டீச்சர்."

"ஆமாங்க. வேற ஒருத்தர் எடுக்கறார். உங்களுக்கு யார் சொன்னா?"

"அந்தக் கண்ணாடிப் பொண்ணுதான். லீவு நாள்ல எங்க வீட்டுக்கு வருமே. உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சருக்குத் தெரியாது.

"அவங்க அப்பாவே கொண்டுவந்து விடுவார். ஆரம்பத்துல வாசலோட போயிடுவார், இப்ப உள்ள வந்து உக்காந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறார். அது உள்ள நுழைஞ்சதும் என் வீட்டுக்காரிகிட்ட வம்புக்கு நின்னுரும். துணி வெட்டறதுலேந்து சோறு வடிக்கிறது வரைக்கும் எல்லாத்துக்கும் காரணம் சொல்லணும் அதுக்கு. ரெண்டு பேரும் போடற சண்டையில வீடே ரெண்டாகும்." ஏணியை எடுத்து விசிறிக்குக் கீழே விரித்து வைத்தார். "அது போனதும் இவ கொஞ்ச நேரம் அழுவா. ஆனா அடுத்த லீவு எப்பன்னும் கேப்பா."

பிள்ளைகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். அது லேசாக ஆடியது.

"கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா டீச்சர்?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.